ஒரு சந்தேகமுங்க, சாமி

பிரசங்கம் பாதிக்கு வரும்போது எங்கள் பெஞ்சு ஆடத் தொடங்கும். நடைபாதை ஓரமாக உட்கார்ந்திருக்கும் வினோலியாவின் வலது முழங்கால்தான் காரணம். அது தானாகத் துள்ளும். பக்கத்தில் இருப்பவர் அதன்மேல் கையை வைத்து அமுக்கினால் சற்று அடங்கும். பிறகு இடது கால் தொடங்கிவிடும். "அக்காளுக்குச் சந்தேகம் வந்துருச்சு" என்று பின்வரிசையில் யாராவது முணுமுணுப்பார்கள். பங்குத் தந்தை பேசிக்கொண்டே இருப்பார். வினோலியா அவர் முகத்தைப் பார்க்க மாட்டார். தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பார். மேலுதட்டில் வியர்வை அரும்பியிருக்கும்.

பூசை முடிந்து வெளியே வந்ததும், மணிக்கூண்டுக்குக் கீழே செருப்பைத் தேடும் பெண்களிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "ஏனுங்க, சாமி சொன்னது உங்களுக்கு வெளங்குச்சுங்களா? எனக்கு ஒரு சந்தேகமுங்க."

இவ்வளவு பயந்த ஒருவரை நான் பார்த்ததில்லை. பேருந்து முழுதாக நின்று, நடத்துநரும் கீழே இறங்கிய பிறகுதான் அவர் படியில் கால் வைப்பார். பல்லி கத்தினால் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார். காவல் நிலையம் வரும் இடத்தில் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், அதைத் தாண்டியதும் மறுபடி இந்தப் பக்கம் வருவார். செல்போன் மணி அடித்தால் "இயேசுவே" என்று சொல்லிவிட்டுத்தான் எடுப்பார். கணவர் சவரிராயன் வடநாட்டுக்கு லாரி ஓட்டுகிறவர். ஆகவே அந்த ஒரு பயத்துக்கு மட்டும் நியாயம் உண்டு. பங்குத் தந்தை எதிரே வந்தாலோ, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்வார்.

இத்தனை பயத்தை வைத்துக்கொண்டு எப்படித்தான் கேள்வி கேட்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"கேக்காம ஊட்டுக்குப் போனா அதவிடப் பயமா இருக்குதுங்க. மூடி வச்ச மாவு பொங்கி வழியறாப்பல நெஞ்சுக்குள்ள ஏதோ பண்ணுதுங்க."

மாவுதான் அவருடைய தொழில். சேந்தமங்கலம் போகிற சாலையில், கோயிலுக்குச் சற்றுத் தள்ளி வீடு; வீட்டின் முன்னறை கடை. சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து இந்த ஊர் வங்கிக் கிளைக்கு மாற்றலாகி வந்த நான் எதிர்வீட்டில் குடியிருக்கிறேன். என் சன்னலைத் திறந்தால் அவருடைய கிரைண்டர்களின் சத்தம் கேட்கும். அதற்குப் பின்னால், மழை ஓய்ந்த நாட்களில், கொல்லிமலை நீலமாகத் தெரியும். அரைத்த மாவைக் கரண்டியால் கலக்க மாட்டார். உப்புப் போட்டு, முழங்கை வரை கையை விட்டுப் பிசைவார். "கைச்சூடு பட்டாத்தானுங்க பொங்கும்" என்பார். மாலையானால் மாதா கோயில் பெண்களும் மாரியம்மன் கோயில் பெண்களும் தூக்குப்போசியோடு ஒரே வரிசையில் நிற்பார்கள்.

எல்லோரும் அவருக்குச் சாமிதான். மாவு வாங்க வரும் குழந்தையும் சாமி, பங்குத் தந்தையும் சாமி. தென்மாவட்டத்திலிருந்து புதிதாக வந்திருந்த பங்குத் தந்தை, "இங்க வா சாமி" என்ற குரலைக் கேட்டுத் திடுக்கிட்டுத் திரும்பியபோது, வினோலியா ஒரு சிறுமியின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பங்கில் தெருவுக்குத் தெரு சில குடும்பங்கள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிப்பதுண்டு. அன்பியம் என்று பெயர். செபமாலை சொல்வார்கள், வாசகம் படிப்பார்கள், சுண்டல் சாப்பிட்டுக் கலைவார்கள். "போன ஞாயித்துக்கெழம சாமி சொன்னதுல ஆருக்கு என்ன வெளங்குச்சு? வெளங்காட்டித் தலையாட்டாதீங்க. கேளுங்க" என்று சுண்டலுக்கு முன்னால் ஒரு பேச்சை நுழைத்தவர் வினோலியா. முதலில் சிரித்தார்கள். அவரே தொடங்கினார். "காய்க்கற காலமே வல்லீங்களாமா. காய் இல்லீன்னு ஆண்டவரு அத்திமரத்தச் சபிச்சா, மரம் என்னங்க பண்ணும்?" யாருக்கும் பதில் தெரியவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு போனார்கள்.

பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். பால்காரர் மனைவி யாழினி ஒருநாள் சொன்னாள்: "நல்ல பூவாப் பாத்துத்தான் கடவுள் பறிச்சுக்கறாருன்னு எங்கொழந்த அடக்கத்துல சொன்னாங்க. அப்புடிப் பறிக்கற கடவுள் எனக்கு வேண்டாம்னு அன்னைக்கு நெனச்சனுங்க. இத்தன நாளு ஆருகிட்டயும் சொல்லல." சொல்லிவிட்டு, யாராவது திட்டுவார்களோ என்று சுற்றிலும் பார்த்தாள். யாரும் திட்டவில்லை. வினோலியா தவழ்ந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பங்குத் தந்தைக்கும் தொடக்கத்தில் இது பிடித்திருந்தது. "கேளுங்கம்மா, கேட்டாத்தானே நானும் ஒழுங்காத் தயாரிச்சுட்டு வருவேன்" என்று சிரித்தார். கெட்டவர் அல்லர். மூன்று கிராமங்களுக்கும் பைக்கில் ஓடி, காய்ச்சலோடும் பூசை வைப்பவர். நன்றாகப் பேசக்கூடியவர். அந்தப் பேச்சுத்தான் செப்டம்பரில், திருச்சிலுவைத் திருநாளை ஒட்டி வந்த ஞாயிறன்று, ஓர் ஆளின் மேல் போய் விழுந்தது.

அன்றைக்குக் குடும்ப வாழ்வைப் பற்றிப் பேசினார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, சின்ன உரசல் வந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள் என்றார். "வலிக்குதுன்னு ஆண்டவர் சிலுவையை விட்டு இறங்கி வந்தாரா?" என்று கேட்டு நிறுத்தினார்.  பிறகு ஒவ்வொரு தலையாகத் தூணோரம் திரும்பியது.

அங்கே ஜெபமலர் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் திருச்செங்கோட்டுப் பக்கம், ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் வண்டியில் வேலை. வெளிமாநிலம் போய் மாதக்கணக்கில் கழித்து வருவான், வந்தால் அடிப்பான். இந்த முறை வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. கட்டோடு அம்மா வீட்டுக்கு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. எல்லோரும் பார்த்ததும் கட்டுப் போட்ட கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். எங்கள் பெஞ்சு அன்று ஆடிய ஆட்டத்தில் என் செபப்புத்தகம் கீழே விழுந்தது.

அடுத்த நாள் மாலை ஜெபமலரின் அம்மா ராசாத்தி மாவு வாங்க வந்தார். கணவனை இழந்தவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். "ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் மாப்பிள்ள காரு கொண்டாறாரு. அனுப்பி உட்டரலாம்னு இருக்கறேன்" என்றார்.

"கையி இன்னுங் கூடுலீங்களேக்கா."

"சாமியே கோயில்ல வச்சுச் சொல்லிட்டாரு. அதுக்கு மேல நான் ஆருங்க?"

வினோலியா மாவுக்குள் விட்ட கையை எடுக்காமல் வெகுநேரம் அப்படியே நின்றிருந்தார்.

அந்த வார அன்பியம் சூசைமாணிக்கம் வீட்டில். கோழிப்பண்ணை வைத்திருப்பவர், பங்குப் பேரவையில் பங்குத் தந்தைக்கு அடுத்த இடம் அவருக்குத்தான். வினோலியாவுக்கு அந்த வீடே பயம். வாசலில் கட்டியிருக்கும் நாய்க்காக என் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். செபம் முடிந்தது. அன்று பங்குத் தந்தையே வந்திருந்ததால் யாரும் எதுவும் பேசவில்லை. சுண்டல் தட்டுகள் வந்தன. பங்குத் தந்தை கையில் ஒன்றை வாங்கினார்.

"ஒரு சந்தேகமுங்க, சாமி."

குரல் கீச்சென்று வந்தது. அவருடையதுதானா என்று எனக்கே சந்தேகம்.

"சொல்லுங்கம்மா."

"ஆண்டவரு சிலுவைய உட்டு எறங்கி வல்லீன்னு சொன்னீங்க. செரிங்க. அப்பறம் உசுரோட எந்திரிச்சாருங்களே, எந்திரிச்சு ஆரப் பாக்கப் போனாருங்க? ஆணி அடிச்சவன் ஊட்டுக்கா போனாரு? அவருக்காக அழுதவியளப் பாக்கத்தானுங்களே போனாரு?"

 ராசாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அக்கா மவளத் திருப்பி அனுப்பறாங்களாமுங்க. சாமி சொன்னதுனாலயாமா. நீங்க அப்புடித்தான் சொன்னீங்களா, இல்ல இவிய தப்பா வெளங்கிக்கிட்டாங்களான்னு..." பிறகு வாய் மட்டும் அசைந்தது.

பங்குத் தந்தையின் காது சிவந்தது. "நான் யாரையும் பேர் சொல்லிப் பேசலை. பிரசங்கம் ஞாயித்துக்கிழமை முடிஞ்சுபோச்சு. அதை வீதிக்கு வீதி வச்சு விசாரணை பண்றது நல்லதில்ல." தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் தேயும்வரை யாரும் எழவில்லை.

வாசலில் சூசைமாணிக்கம் நின்றிருந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "உன்ற மவனுக்கு இந்த ஞாயித்துக்கெழம மொத ஓலை வாசிக்கோணுமில்ல? நெனப்புல வெச்சுக்கம்மா."

எங்கள் வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன்னால் வரும் ஞாயிறுகளில் பங்குத் தந்தை பீடத்திலிருந்து பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசித்துச் சபைக்கு அறிவிக்க வேண்டும். ஓலை வாசிக்காமல் கோயிலில் கல்யாணம் இல்லை. வினோலியாவின் மகன் ஜோஸ்வா நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் இருக்கிறான். தம்மம்பட்டியில் பெண். மண்டபம் பேசியாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று.  அன்று நாய்க்காகப் பிடித்த என் கையை வினோலியா வீடு வரும்வரை விடவே இல்லை.

மறுநாளிலிருந்து மாதா கோயில் ஆட்கள் மாவு வாங்க வரவில்லை. மாரியம்மன் கோயில் பெண்கள் வந்தார்கள். எங்கள் ஆட்கள் தெருமுனைக் கடையில் பாக்கெட் மாவு வாங்கிக்கொண்டு, இந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார்கள். மாவு புளித்து, அடுக்குப் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. வினோலியா அதைக் கழுவி ஊற்றிவிட்டு மறுபடி ஊறப்போட்டார். சவரிராயன் நாக்பூரைத் தாண்டி எங்கோ இருந்து போன் செய்தார். கிரைண்டர் சத்தத்தில் கேட்பதற்காக ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"உனக்கு எதுக்கு இந்த வேல? மவன் கல்யாணத்தப் பாப்பியா, ஊரு வம்ப இழுப்பியா?"

"ஆமாங்க."

"என்ன ஆமாங்க?"  கொஞ்ச நேரம் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. "பயமா இருக்குதா?"

"ஆமாங்க."

"ஜோஸ்வாவ முன்னறையில படுத்துக்கச் சொல்லு. வெசனப்படாத. வாரேன்."

வெள்ளிக்கிழமை ஜெபமலரின் கணவன் வந்தான். நல்ல வெயில், தெருவில் ஆள் இல்லை. பைக்கை அணைக்காமல் கடை வாசலில் நிறுத்தினான். நான் அன்று விடுப்பு, சன்னலில் நின்றிருந்தேன். சிரித்த முகமாகத்தான் பேசினான்.

"மாவு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"ஊட்டுக்காரரு லோடுக்குப் போயிட்டாருங்களா?"

வினோலியா கையை மாவுக்குள் இன்னும் ஆழமாக விட்டார்.

"எப்ப வருவாருங்க?"

மாவு வாங்காமல் போய்விட்டான். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வினோலியா கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் உட்கார்ந்திருந்தார். கைகள் முழங்கை வரை மாவு. அதைக் கழுவக்கூடத் தோன்றாமல், "அந்தப் புள்ள எப்புடிங்க இத்தன நாளு அங்க இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டார்.

ஞாயிறு வந்தது. வினோலியா வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். எங்கள் பெஞ்சில் அவருக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. பங்குத் தந்தை எங்கள் பக்கம் பார்க்காமல் சுருக்கமாகப் பேசி முடித்தார். கடைசியில் அறிவிப்புகள் வந்தன. வேறொரு ஜோடியின் ஓலையை வாசித்தார். தாளை மடித்தார். ஆசீர் வழங்கக் கையை உயர்த்தினார். ஜோஸ்வாவின் பெயர் வரவே இல்லை. ஆண்கள் பக்கம் நின்றிருந்த ஜோஸ்வா அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். வினோலியா தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே வெள்ளைக் கார் நின்றிருந்தது. கதவைத் திறந்து வைத்து, அதில் சாய்ந்தபடி ஜெபமலரின் கணவன் நின்றான். ராசாத்தி ஒரு கையில் துணிப்பையும் மறுகையில் மகளின் முழங்கையுமாக நடந்தார். மணிக்கூண்டடியில் பெண்கள் செருப்பைத் தேடினார்கள். கிடைத்த பிறகும் தேடிக்கொண்டே இருந்தார்கள்.

வினோலியா அவர்களை நோக்கி நடந்தார். விழுந்துவிடுவாரோ என்று நான் தோளைப் பிடித்தேன். ஓடுகிற கிரைண்டர்மேல் கை வைத்ததுபோல் இருந்தது. வினோலியா அவனைப் பார்க்கவில்லை, ராசாத்தியையும் பார்க்கவில்லை. ஜெபமலருக்கு முன்னால் போய் நின்றார்.

"கண்ணு, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உனக்குப் போவோணுமா?"

ஜெபமலர் விழித்தாள். அடிபட்டு வந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் புத்தி சொல்லியிருந்தார்கள். இதை யாரும் கேட்டிருக்கவில்லை. 

"வேண்டாங்க."

"என்னது?" என்றான் அவன்.

"நான் வல்லீங்க." இந்த முறை மணிக்கூண்டு வரை கேட்டது.

அவன் கார்க் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தான். "ஏய் மாவுக்காரி, உனக்கு என்னடீ..." வினோலியா கண்களை இறுக மூடிக்கொண்டார். அடி விழும் என்றே எதிர்பார்த்தார் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. ஒற்றைக் காலில் மட்டும் செருப்பு மாட்டியிருந்த யாழினி ஓடிவந்து அவர் பக்கத்தில் நின்றாள். பிறகு இன்னொருத்தி. ஜோஸ்வாவும் வந்து நின்றான். எல்லோரும் வந்துவிடவில்லை, சூசைமாணிக்கம் தூரத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பூசை உடையைக்கூடக் களையாமல் பங்குத் தந்தை வெளியே வந்தார்.  அவன் வாயிலிருந்து வந்திருக்கக்கூடிய எதையும்விட, இவர் என்ன சொல்லப்போகிறார் என்பதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. அவர் ஜெபமலரின் கைக்கட்டைப் பார்த்தார். முதல் முறையாக அருகில் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். கட்டு அழுக்கேறி, நுனியில் விரல்கள் வீங்கியிருந்தன.

"ராசாத்தியம்மா, பொண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

ராசாத்தி தலையாட்டினார். இரண்டடி வைத்தார். நின்றார். வாழ்நாளில் ஒரு சாமியாரிடம் ஒரு கேள்வியும் கேட்டிராத அந்த அம்மாள் திரும்பினார்.

"எந்த ஊட்டுக்குங்க, சாமி?"

பங்குத் தந்தை மறுபடியும் அந்தக் கைக்கட்டைப் பார்த்தார். கார் எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"உங்க வீட்டுக்கு" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜெபமலரின் கணவன் தனியாகக் காரைத் திருப்பிக்கொண்டு போனான்.

ஜோஸ்வாவின் ஓலை அடுத்த ஞாயிறு வாசிக்கப்பட்டது. கல்யாணம் ஒரு வாரம் தள்ளிப்போனது. சவரிராயன் வந்து சேர்ந்து, மண்டபத்துக்காரரிடம் கெஞ்சிப் புது நாள் வாங்கினார். ஜெபமலரின் கை கூடிவிட்டது, ஆனால் முழுதாக மடங்கவில்லை. அம்மா வீட்டிலிருந்தே ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். பங்குத் தந்தை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் அன்பியத்துக்கு இப்போது அவர் வருவதில்லை. ஆனால் பிரசங்கத்தில் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டுச் சில சமயம் எங்கள் பெஞ்சுப் பக்கம் ஒரு பார்வை பார்க்கிறார். மறுபடி அதையே வேறு மாதிரி சொல்கிறார். ஒரு குடும்பத்தைப் பிரித்தவள் என்று வினோலியாவைச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பொழுது சாய்ந்தால் அவர் கடைக்கதவைத் தாழிட்டுவிட்டு, சன்னல் வழியாகத்தான் மாவு கொடுக்கிறார்.

போன ஞாயிறு பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம். எல்லோரும் கைகூப்பி, இடமும் வலமும் பின்னும் திரும்பினோம். நடைபாதைக்கு அந்தப் பக்கம் சூசைமாணிக்கம் நின்றிருந்தார். முன்னால் இருப்பவருக்குக் கைகூப்பினார், பின்னால் இருப்பவருக்குக் கைகூப்பினார், வினோலியாவைத் தாண்டிப் பீடத்தைப் பார்த்துக்கொண்டார். பாடகர் குழு அடுத்த பாட்டைத் தொடங்கியது. எல்லோரும் முன்பக்கம் திரும்பிவிட்டார்கள். வினோலியா திரும்பவில்லை. கண்ணை எடுக்காமல், கூப்பிய கையைச் சூசைமாணிக்கத்தின் முகத்துக்கு நேராகவே வைத்துக்கொண்டு நின்றார்.